இல்லாத பனைமரத்தின் நிழல்

ஜில்லா நீதிபதி என்னைப் பழிவாங்கத்தான் ஏர்பேட்டுக்கு வருகிறார் என்று நான் நம்பினேன். லேசான சந்தேகமெல்லாம் இல்லை, முழு நம்பிக்கை. ஒரு ஜில்லாவின் கொலையும் கொள்ளையும் மேசைமேல் காத்துக் கிடக்க, ஒரு பெரிய மனிதர் சித்தூரிலிருந்து அவ்வளவு தூரம் புழுதி குடித்துக்கொண்டு வருகிறார் என்றால், அதற்கு என் ஒருவனைத் தவிர வேறு காரணம் இருக்கவே முடியாது என்று முடிவு கட்டிவிட்டேன். நாற்பது தாண்டி, தலையில் முடி கொட்டி, திருப்பதி முன்சீப் கோர்ட்டில் வாய்தா வாங்கிப் பிழைக்கிற ஒரு பிளீடருக்குத் தன்மேல் இருந்த மரியாதையைப் பாருங்கள்.

நான் செய்த குற்றம் இதுதான். ஒரு வாரப் பத்திரிகையில், மாதத்துக்கு ஒரு தடவை, புதிதாக வந்த தீர்ப்புகளைப் பற்றித் தமிழில் எழுதிக்கொண்டிருந்தேன். மதராஸ் ஹைகோர்ட்டுத் தீர்ப்புகள் அச்சாகித் தபாலில் வரும். எங்கள் வக்கீல் அறையில் அவற்றைப் பிரித்துப் படிப்பதற்கு ஒரு தள்ளுமுள்ளே நடக்கும். இங்கிலீஷ் தெரிந்தவன் படித்தான், கோர்ட்டில் மேற்கோள் காட்டினான், ஜெயித்தான். வழக்குப் போட்டவனுக்கோ, தான் எதற்கு ஜெயித்தான், எதற்குத் தோற்றான் என்றே தெரியாது. அதை அவன் பாஷையில் சொல்லலாமே என்று ஆரம்பித்தேன். பக்கத்து வீட்டுக் கூரைத் தண்ணீர் உங்கள் வாசலில் இருபது வருஷம் தடையில்லாமல் விழுந்தால் அது அவன் பாத்தியதையாகிவிடும் என்று எழுதிவிட்டு, ‘ஆகவே இன்றைக்கே சண்டை போடுங்கள், பத்தொன்பதாவது வருஷம் தூங்கிப்போய்விடாதீர்கள்’ என்று ஒரு வரி சேர்ப்பேன். அந்த வரிக்காகத்தான் ஜனங்கள் படித்தார்கள். கீழே ‘கோர்ட்டுக் காக்கா’ என்று புனைபெயர் போடுவேன். காக்கா யார் என்பது ரேணிகுண்டா வரைக்கும் தெரியும்.

ஒரு மாதம் ஒரு புளியமரத்து வழக்கு வந்தது. எங்கேயோ வடக்கே, வேறொரு ஜில்லாவில், இரண்டு பங்காளிகள் வரப்புமேல் நின்ற புளியமரத்துக்கு அடித்துக்கொண்டார்கள். அங்கேயிருந்த ஜில்லா நீதிபதி மரம் முழுவதையும் ஒருவனுக்கே தீர்ப்பாக்கிவிட்டார். ஹைகோர்ட்டோ, மரம் யார் நிலத்தில் நிற்கிறது என்று யாருமே அளந்து பார்க்கவில்லையே என்று சொல்லி வழக்கைத் திருப்பி அனுப்பிவிட்டது. காக்காவுக்கு இது போதாதா? ‘கனம் நீதிபதி அவர்கள் மரத்தை நேரில் பார்த்ததில்லை. பார்த்திருந்தால் மரமே அவரிடம் சொல்லியிருக்கும். கச்சேரி நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு புளியம்பழம் உலுக்கினால் விழாது’ என்று எழுதினேன். எழுதியதை வக்கீல் அறையில் உரக்கப் படித்தும் காட்டினேன். ஒரே சிரிப்பு. நீதிபதி இருப்பதோ ஆற்றுக்கும் மலைக்கும் அப்பால். காக்காவுக்கு என்ன பயம்?

அடுத்த கோடை விடுமுறை முடிந்து கோர்ட்டு திறந்தபோது, சித்தூருக்குப் புதிய ஜில்லா நீதிபதி மாற்றலாகி வந்திருந்தார். யார் என்று நான் சொல்லவா வேண்டும்?

செய்தியைக் கொண்டுவந்தவர் எங்கள் வக்கீல் அறையில் எனக்கு எதிர் நாற்காலியில் உட்காரும் பிளீடர். நெற்றியில் பளிச்சென்று நாமம், வாயில் அதைவிடப் பளிச்சென்று கேலி.

“ஓய் காக்கா! உம்ம புளியமரம் நடந்தே வந்து சித்தூர்ல உக்காந்துண்டிருக்கு!”

“என்ன சொல்றீர்?”

“புது ஜட்ஜ் யாருன்னு விசாரிச்சேரா? நீர் மரம் ஏறச் சொன்னீரே, அவரேதான்.”

நான் சிரித்தேன். இன்றைக்கு நினைத்தாலும் அந்தச் சிரிப்பு நல்ல சிரிப்புதான், கொஞ்சம் பல் மட்டும் தந்தியடித்தது. நீதிபதிக்குத் தமிழ்ப் பத்திரிகை படிக்க நேரம் ஏது என்று எனக்கு நானே வாதாடி, எனக்கு நானே தீர்ப்பும் சொல்லிக்கொண்டேன். அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை. ஏனென்றால் அவர் முன்னால் என் வழக்கு ஒன்று நிலுவையில் இருந்தது. எதிர்த்தரப்புக்கு வக்கீல் யார் என்றால், இதே நாமக்காரர்தான்.

வழக்கு ஏர்பேட்டுப் பக்கத்துக் கிணறு ஒன்றைப் பற்றியது. அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுக் கிணறு. அண்ணன் கோலார் தங்கச் சுரங்கத்தில் வேலைக்குப் போய்விட்டான். அவன் பங்கு நிலத்தைப் பயிர்செய்து வந்தவள் அவன் மனைவி, நாகலாபுரத்துப் பக்கத்திலிருந்து வாழ வந்தவள். வழக்கை நடத்தியதும் அவள்தான். கிணற்றில் மாடு இழுக்கும் கபிலை ஒன்றுதான், தண்ணீர் மொள்ளும் சாலும் ஒன்றுதான். ஆகவே தண்ணீர் இறைக்க முறை வைத்திருந்தார்கள். காலையில் தம்பியின் மாடுகள், பிறகு இவள் மாடுகள். முறை மாறும் நேரத்தைச் சொன்னது ஒரு பனைமரம். கிணற்றுக்குக் கிழக்கே நின்ற அந்த மரத்தின் நிழல், காலையில் கிணற்றைத் தாண்டி நெடுகக் கிடக்கும். வெயில் ஏற ஏறச் சுருங்கி வரும். நிழலின் தலை தண்ணீர் கொட்டுகிற தொட்டிக்கல்லுக்கு வந்ததும் தம்பி மாட்டை அவிழ்க்க வேண்டும், இவள் பூட்ட வேண்டும். அவள் மாமனார் காலத்துக்கு முன்பிருந்தே இதுதான் வழக்கம். அந்த ஊரில் எவனும் கடிகாரம் வாங்கியதில்லை, வாங்க வேண்டிய தேவையும் வந்ததில்லை.

தம்பி ஒரு நாள் பனைமரத்தை வெட்டிவிட்டான். அவன் நிலத்து மரம், வெட்டலாம். வெட்டிவிட்டு, ‘நிழல் இல்லை, ஆகவே முறையும் இல்லை, நாள் முழுவதும் கிணறு என்னுடையது’ என்று மாட்டைச் சாயங்காலம் வரைக்கும் ஓட்டினான்.

நாங்கள் முதலில் போன கோர்ட்டு அவனுக்குச் சாதகமாகச் சொல்லியது. அதைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை, அது சட்டத்தை ஒட்டித்தான் போயிற்று. ஒரு வழக்கம் சட்டத்தின் முன் நிற்க வேண்டுமானால் பழையதாக இருக்க வேண்டும், நியாயமாக இருக்க வேண்டும், சந்தேகமில்லாத நிச்சயம் அதில் இருக்க வேண்டும். மரம் போனபின் அந்த நேரம் எதுவென்று எங்கள் சாட்சிகளில் ஒருவனாலும் நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. ஒருவன் சாப்பாட்டு நேரம் என்றான். எத்தனை மணிக்குச் சாப்பிடுவாய் என்று நாமக்காரர் கேட்டதற்கு, பசித்தபோது என்றான். வழக்குப் போயிற்று. எனக்கென்னவோ, கடிகாரத்தை உடைத்தவனே வந்து ‘இப்போது மணி என்னவென்று யாருக்கும் தெரியாது, ஆகவே பொழுதே விடியவில்லை’ என்று சொல்லுகிற மாதிரி இருந்தது. சித்தூருக்கு மேல்முறையீடு செய்தேன். அதோடு வழக்கமாகத் தைக்கிற வால்களையும் தைத்தேன். வால் என்று நாங்கள் சொல்வது மேல்முறையீட்டோடு கண்ணை மூடிக்கொண்டு சேர்க்கிற சில்லறை மனுக்களை. நாலைந்து இருக்கும். சட்டைக்குப் பொத்தான் மாதிரி. எந்த வக்கீலும் அவற்றைப் படிப்பதில்லை, எந்தக் கோர்ட்டும் அவற்றை ஏற்பதுமில்லை.

புது நீதிபதி வந்து சில வாரங்களில் எனக்கு ஒரு நோட்டீஸ் வந்தது. ஜில்லா நீதிபதி கிணற்றை நேரில் பார்வையிட வருகிறார், இரண்டு தரப்பு வக்கீல்களும் அங்கே இருக்க வேண்டும். ‘நேரில்’ என்ற சொல்லைப் படித்த இடத்தில் என் கண் நின்றுவிட்டது. 

நாமக்காரர் தன் நோட்டீஸை விசிறியாக ஆட்டிக்கொண்டு என் மேசைக்கு வந்தார்.

“பார்த்தேரா ஓய்? நாற்காலியிலே உக்காந்துண்டு உலுக்கினா விழாதுன்னு எழுதினேரோல்லியோ? இப்போ நேர்ல வந்து உலுக்கப்போறார். எதை உலுக்கப்போறார்னுதான் தெரியலே.”

“ஜட்ஜ் நேர்ல போறது நம்ம ஜில்லாவுல நடந்திருக்கா?”

“நான் வக்கீல் சன்னது வாங்கின நாள்லேர்ந்து இல்லே. அமீனாவை அனுப்புவா, கமிஷனரை அனுப்புவா. ஜட்ஜ் தானே வந்ததில்லே. பேசாம மலைக்கு ஒரு மொட்டை வேண்டிக்கோளும். எங்க பெருமாள் உம்ம சர்ச் ரிஜிஸ்டரையெல்லாம் பார்க்க மாட்டார்.”

நான் தலையைத் தடவிப் பார்த்தேன். வேண்டிக்கொள்ளுகிற அளவுக்கு அங்கே சரக்கு இல்லை. சித்தூர் மிஷன் சபையில் நாலு தலைமுறையாக ஞானஸ்நானம் வாங்கிய குடும்பத்தில் பிறந்தவன், இருக்கிற கொஞ்ச மயிரையும் கொண்டுபோய் மலையில் கொடுக்கலாமா என்று ஒரு கணம் யோசித்தேன் என்பதை எங்கள் பாதிரியார் படிக்க மாட்டார் என்ற தைரியத்தில் எழுதுகிறேன்.

வீட்டுக்கு வந்து ஒரு தோல் பையை எடுத்துச் சாமான் அடுக்கினேன். என் மனைவி வந்து கதவில் சாய்ந்துகொண்டு பார்த்தாள்.

“இன்னாங்க, ஊருக்கா?”

“உள்ளே போனா வேணுமே.”

“எந்த உள்ள?”

“ஜெயில்.”

அவள் பைக்குள் எட்டிப் பார்த்தாள். “பைபிள் வெச்சிக்கினீங்க, சரி. வெத்தலப் பொட்டி எதுக்கு? அங்க ஜெயிலரு மடிச்சித் தருவாரா?”

“கோர்ட்டை அவமதிச்சதா சொல்லலாம். என் சன்னதைப் பிடுங்கலாம்.”

“ஒரு புளியமரத்துக்கா? அவ்ளோ பெரிய மனுசன் காரு போட்டுக்கினு வந்து உங்கள இட்டுக்கினு போவாரா? நீங்க எழுதுறத நானே படிக்கிறதில்ல, அவரு எங்க படிக்கப்போறாரு. கை கழுவிக்கினு வாங்க, சோறு ஆறுது.”

மனைவிகள் சட்டம் படிக்காதவர்கள். அவர்களுக்கு ஆபத்து புரியாது என்று அன்றைக்கு முழு நிச்சயமாக நினைத்தேன். பையை மட்டும் கட்டிலுக்கு அடியில் தயாராக வைத்துக்கொண்டேன்.

ஜெயில் பயம்கூட இரண்டாவதுதான். முதல் பயம் அந்தப் பெண்மணி. என்மேல் இருக்கிற கோபத்தை நீதிபதி அவள் கிணற்றில் இறக்கிவிட்டால்? அவளைக் கூப்பிட்டு அனுப்பினேன். வந்தவள் வாசலிலேயே நின்றாள்.

“அம்மா, இந்தக் கேஸை வேற வக்கீல் யார்கிட்டயாவது கொடுத்துடுங்க.”

“ஏன் வக்கீலய்யா? ஒடம்பு கிடம்பு செரியில்லியா?”

“ஒடம்புக்கு ஒண்ணுமில்லை. ஜட்ஜுக்கு என் மேல கோபம்.”

“உங்க மேலதான? எங்கெணத்து மேல இல்லியே?”

“என்னாலே உங்க முறை போயிடுமோன்னு பயம்மா.”

“மொறைதான் ஏற்கெனவே பூட்ச்சே! இன்னும் போவறதுக்கு இன்னா இருக்குது?” அவள் குரல் அப்போதுதான் கொஞ்சம் இறங்கியது. “கேவுரு கதிரு புடிக்கிற நேரங்கய்யா. மதியத்துக்கு மேல சொட்டுத் தண்ணி வுட மாட்டேன்றான். இந்தத் தபா காஞ்சிட்ச்சின்னா, அவன் கேக்குற வெலைக்கு நெலத்த அவங்கையிலயே குடுத்துட்டு நானும் கோலாருக்கு மூட்டை கட்ட வேண்டிதுதான். அதுக்குத்தான் அவன் மரத்த வெட்டினான். வேற வக்கீலு தேட எனுக்கு ஏது நேரம்? நீங்க பயமா இருந்தா ஓரமா நின்னுக்குங்க, போதும்.”

ஓரமாக நிற்பதற்கும் வக்கீலுக்குக் கட்டணம் உண்டு என்ற ஒரே ஆறுதலோடு ஒப்புக்கொண்டேன்.

அந்த நாளும் வந்தது. நீதிபதி காரிலிருந்து இறங்கினார். தெலுங்கு தேசத்துக் கடற்கரைப் பக்கத்து மனிதர். தமிழ் கேட்டால் அவருக்குப் புரியும், அவர் தமிழ் பேசினால் நமக்குப் புரியாது. ஒரு கையில் குடை, முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. டபேதார் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு பின்னால் வந்தான். நாற்காலி! சரிதான், என் வாசகத்துக்கு உருவம் கொடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

தம்பிக்காரனின் மாடுகள் கபிலையில் ஏறி இறங்கிக்கொண்டிருந்தன. நீதிபதி வெட்டுப்பட்ட பனை அடியைப் பார்த்தார், கிணற்றைப் பார்த்தார், தொட்டிக்கல்லைப் பார்த்தார். பிறகு தம்பிக்காரனைத் தெலுங்கில் கேட்டார், முன்பெல்லாம் உன் முறை எப்போது முடியும் என்று. அவன் கையை விரித்தான்.

“எவுருக்குத் தெல்சு தொரா? மரமே இல்ல, நெழலே இல்ல. எப்ப முடியும், எப்ப தொடங்கும்னு ஒருத்தருக்கும் தெரியாது.”

நாமக்காரர் அதையே அழகான இங்கிலீஷில் ஒருமுறை சொன்னார். நீதிபதி என் பக்கம் திரும்பி, இங்கிலீஷில், “நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா?” என்று கேட்டார்.

நான் முன்னால் வந்தேன்.  பயத்தில் ஜில்லா நீதிபதியை ஹைகோர்ட்டு நீதிபதியாகவே உயர்த்தி, “மை லார்ட்” என்று ஆரம்பித்தேன். “அந்தப் புளியமர விஷயத்தில் நான் கொஞ்சம் அதிகப்படியாக…”

நீதிபதி சுற்றிலும் பார்த்தார். குடையைச் சாய்த்து அண்ணாந்தும் பார்த்தார்.

“புளியமரமா? எங்கே?”

நாமக்காரருக்கு ஒரு பெரிய இருமல் வந்தது.

“வழக்கு பனைமரத்தைப் பற்றியது என்றல்லவா நினைத்தேன்?” என்றார் நீதிபதி.

“ஆமாம். பனைமரம்தான்.”

“அப்படியானால் புளியமரத்தை விட்டுவிடலாமா?”

“விட்டுவிடலாம்,” என்றேன். என் வாழ்நாளில் ஒரு கோரிக்கையை அவ்வளவு சந்தோஷமாக நான் கைவிட்டதில்லை.

அப்போதுதான் அந்தப் பெண்மணி, யாரையும் ஏறெடுத்துப் பார்க்காமல், ஒரு குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு நேராகத் தொட்டிக்கல்லுக்கு நடந்தாள். சால் அந்நேரம் தண்ணீரைக் கொட்டியது. குனிந்து குடத்தை வைத்தாள்.

“ஏய் வதினா!” தம்பிக்காரன் கத்தினான். அண்ணியைத் தெலுங்கில் அப்படித்தான் கூப்பிடுவது. அந்தக் கத்தலில் நீதிபதி, வக்கீல், டபேதார் எல்லாரையும் அவன் மறந்துவிட்டான். “கொடத்த எடு! உம்மொறை இன்னும் வரல! நெழலு கல்லுக்கு வரட்டும், அப்பறம் வந்து மொள்ளு!”

மாடுகள்கூட நின்றன. நாங்கள் எல்லாரும், நாமக்காரர் உட்பட, பனைமரம் இல்லாத இடத்தைப் பார்த்தோம். அங்கே வெறும் வானம். பிறகு தரையைப் பார்த்தோம். அங்கே எங்கள் நிழல்கள்தான்.

நீதிபதி குடையை மடக்கினார். “எந்த நிழல்?” என்று மெதுவாகத் தெலுங்கில் கேட்டார்.

  நாமக்காரர் கண்ணை மூடிக்கொண்டார்.

“இன்னும் வரவில்லை என்கிறாய். சரி, வந்ததும் சொல். நான் உட்கார்ந்திருக்கிறேன்,” என்றார் நீதிபதி. டபேதார் நாற்காலியைப் போட்டான்.

எனக்குத் தெரிந்து எந்தக் கோர்ட்டும் அவ்வளவு அமைதியாக நடந்ததில்லை. வாதம் இல்லை, குறுக்கு விசாரணை இல்லை. வெயில் ஏறியது, மாடுகள் ஏறி இறங்கின, ஒரு நீதிபதி இல்லாத நிழலுக்காகக் காத்திருந்தார். தம்பிக்காரன் தன் காலடியைப் பார்த்தான், கல்லைப் பார்த்தான், வானத்தைப் பார்த்தான். பிறந்ததிலிருந்து பார்த்துப் பழகிய கண், வெட்டிவிட்டால் மறந்துவிடுமா? சூரியன் ஏறக்குறைய உச்சிக்கு வந்தபோது அவன் தோள்கள் தொங்கிவிட்டன.

“வந்துட்ச்சி தொரா,” என்றான்.

நீதிபதி கைக்கடிகாரத்தைப் பார்த்துக் குறித்துக்கொண்டார். அவ்வளவுதான். எங்கள் சாட்சிகள் எவனாலும் நிரூபிக்க முடியாத நிச்சயத்தை எதிராளியே நாற்காலிக்கு முன்னால் வைத்துவிட்டான்.

நாமக்காரர் என் காதில், “இத்தனை நாளா கோர்ட்டிலே இவன் வாயைத் தைச்சு வச்சிருந்தேன் ஓய். ஒரு குடம் வந்து பிரிச்சுடுத்தே!” என்றார்.

நான் அந்தப் பெண்மணியிடம் போனேன். “வேணும்னேதான் போனீங்களா?”

“தாகம்யா,” என்றாள். வைத்த குடத்தை அவள் பிறகு தொடவேயில்லை, அது தொட்டியிலேயே நிரம்பி வழிந்துகொண்டிருந்தது.

காரில் ஏறப்போன நீதிபதி நின்று என்னைப் பார்த்தார். எனக்கு மறுபடியும் தோல் பை நினைவுக்கு வந்தது.

“இந்த ஜில்லாவில் எல்லா வக்கீல்களும் மேல்முறையீட்டோடு ‘கோர்ட்டார் நேரில் வந்து பார்வையிட வேண்டும்’ என்று ஒரு மனு போடுகிறீர்கள்,” என்றார். “உங்களுடையதில் வெட்டிய மரத்தைப் பற்றி ஒரு வரி இருந்தது. சரி, ஒன்றையாவது போய்ப் பார்ப்போமே என்று வந்தேன். வந்ததிலிருந்து நீங்கள் பேயைப் பார்த்தவர்போல் நிற்கிறீர்கள். கூப்பிட்டது நீங்கள்தானே?”

ஆம், நான்தான். நாலைந்து வால்களில் அதுவும் ஒன்று. என் கையெழுத்தோடு போனது. நோட்டீஸின் தலையில் அந்த மனுவின் எண்ணும் இருந்தது. பயந்தவன் எண்ணையா படிப்பான்?

புளியமரக் கட்டுரையை அவர் படித்தாரா என்பது எனக்கு இன்றுவரை தெரியாது. நானும் கேட்கவில்லை. அவர் கிணற்றைப் பார்க்க வந்தார், ஏனென்றால் வரச்சொல்லி நான் மனுப் போட்டிருந்தேன். மேல்முறையீடு செலவுத் தொகையோடு எங்கள் பக்கம் தீர்ந்தது. காலை முறை தம்பிக்கு, உச்சிப்பொழுதிலிருந்து பொழுது சாயும் வரை அவளுக்கு. அந்த வருஷத்துக் கேழ்வரகை அவள் தன் நிலத்திலேயே அறுத்தாள்.